மிச்சம் வைக்காத கை

சங்கிலிமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் போகிறவன், வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த அறையில் மருந்து கலக்குகிறவனுக்கு, வீட்டுக்கு வந்ததும் அது விட்டுப்போகுமா என்ன? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்ததில்லை, ஆனாலும் அந்த ரகம்தான்.

அவன் மனைவி மாரிசெல்வி அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "அது கம்ப்யூட்டருங்க, மருந்துச் சட்டி இல்ல" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரிக்க அவள் வீட்டில் இல்லை. ஆமத்தூரில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். கம்பெனிக்கு லீவு. தாயில்பட்டி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டில் அவனும் கம்ப்யூட்டரும் மட்டும்.

மாரிசெல்வியும் முன்பு அதே கம்பெனியில் திரி வெட்டியவள்தான். சிவகாசியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் டிசைன் படித்து, மூடிப்போன ஒரு பிரஸ்ஸிலிருந்து இந்தப் பழைய மிசினை வாங்கி, வீட்டிலிருந்தே பட்டாசு டப்பாக்களுக்கு லேபிள் வரைகிறாள். இப்போது ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. மணிமுத்து என்ற கம்பெனி முதலாளி புதுப் பூச்சட்டி வாணம் ஒன்று இறக்குகிறார். "திங்கக்கிழமை காலைல லேபிள் என் கைக்கு வந்து, அது எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, இந்த சீசன் லேபிள் பூராம் ஒனக்குத்தாம்மா" என்று சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டு அவள் சந்தோஷத்தில் குதித்தது ஆர்டருக்காக மட்டும் இல்லை. "சீசன் ஆர்டர் கெடச்சுட்டா நான் மருந்து ரூமுக்குப் போகல" என்று சங்கிலிமுத்து ஒரு நாள் வாய் விட்டிருந்தான். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததிலிருந்து சாயங்காலம் அவன் இறங்குகிற வரைக்கும், அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத்தான் தெரியும். "எங்கூட ஒக்காந்து இந்த வேலையச் செய்ங்க, நான் சொல்லித் தாரேன்" என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

"நான் தொட்டா ஒன் மிசினு நாசமாப் போகும் செல்வி. எந்த வேலையா இருந்தாலும் கை தப்புனா தப்புனதுதான். தெரிஞ்ச வேலைல தப்பாம இருக்குறதே பெரும்பாடு" என்பான் அவன்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஏன் அதைத் தொட்டான் என்றால், எல்லாம் அன்புதான். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் புலம்பிவிட்டுப் போயிருந்தாள். "லேபிள்ல மயில் தோகைக்கு ஒரு கலரு மாத்துறதுக்குள்ள காப்பி போட்டுக் குடிச்சிரலாம் போல, அம்புட்டு மெதுவா ஓடுது. சாயங்காலம் வந்துதான் முடிக்கணும்." அதற்குள் மிசினைச் சுத்தம் பண்ணி வைத்தால் பெண்டாட்டி அசந்துபோவாளே என்று ஒரு ஆசை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் நல்ல எண்ணத்தில்தான் ஊதியிருப்பான்.

போனில் தேடினான். கம்ப்யூட்டர் தன் கணக்கு வழக்கையெல்லாம் எழுதி வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வது எப்படி என்று, புதிதாகக் கற்கிறவர்களுக்காக யாரோ ஒருவர் நல்ல தமிழில் பேசி வீடியோ போட்டிருந்தார். சங்கிலிமுத்து ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, அவர் சொன்னபடி எழுத்துக் கூட்டி அடித்தான். திரை ஒருமுறை 'அனுமதிக்கலாமா' என்று கேட்டது. ஆமாம் என்றான். திரைக்குள் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. இடது பக்கம் ஐந்தே ஐந்து மஞ்சள் பெட்டிகள்.

இவ்வளவுதானா என்று ஒன்றை அமுக்கினான். அதற்குள்ளிருந்து வரிசையாகப் பெட்டிகள் இறங்கின. அதில் ஒன்றை அமுக்கினால் அதற்குள் இன்னும் பெட்டிகள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. மவுஸ் அம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பது ஒரு பெட்டியில் எழுதியிருந்தது. எழுதும் இடத்தில் மினுக்மினுக்கென்று அடிக்கிற கோடு எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் மினுக்க வேண்டும் என்பது இன்னொன்றில். மாரிசெல்வி திரையில் வைத்திருந்த இருக்கன்குடி மாரியம்மன் படம் எங்கே இருக்கிறது என்பதற்கு விலாசம். எப்போதோ செருகிய பென் டிரைவின் பெயர். மூடிப்போன பிரஸ்ஸில் இதோடு சேர்ந்திருந்த பிரிண்டரின் பெயர்கூட அழியாமல் இருந்தது.

சங்கிலிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் கண்ணெதிரே மேஜையில் உட்கார்ந்திருக்கிற தகரப் பெட்டிக்குள் இப்படி ஒரு ஊரே இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு எழுத்தைக்கூடச் சும்மா விடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு கட்டி, வீட்டுக்கு ஒரு பெயர் வைத்து, அத்தனையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நடக்கிறது. மனுஷன் செய்ததுதானே இது! எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தானோ என்று, யாரும் பார்க்காததால், திரையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

வீடியோக்காரர் சொன்னார்: "எதை அழிப்பதாக இருந்தாலும் முதலில் அந்தப் பெட்டியை நகல் எடுத்து வையுங்கள். என்னவென்று தெரியாததைத் தொடாதீர்கள்."

முன்னெச்சரிக்கை என்றால் சங்கிலிமுத்துவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது எதற்கு என்று கேட்காமல் செய்கிறவன் அவன். மருந்து ரூமில் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா? பெட்டியைத் தேர்ந்தெடுத்து, வலது பட்டனை அமுக்கி, நகல் எடுத்து, பெயர் கேட்டதும் 'முத்து' என்று ஆங்கிலத்தில் அடித்து, முகப்புத் திரையில் வைத்தான். சாமி கும்பிட்டாயிற்று, இனி வேலையைப் பார்க்கலாம் என்கிற மாதிரி அதை அத்தோடு மறந்தும் போனான்.

அவன் நகல் எடுத்தது, மாரிசெல்வி லேபிள் வரைகிற மென்பொருளின் பெட்டி. அதற்குள் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பழைய வருஷத்து எண், ஒன்றில் புதிய எண். பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட்டாயிற்று என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியானால் பழைய எண் மிச்சம்.

மிச்சம் என்ற அந்த ஒரு எண்ணம்தான் அவனைக் கவிழ்த்தது. கலந்த மருந்தில் ஒரு சிட்டிகைகூடப் பொழுது சாய அறைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் அது ராத்திரி வேர்த்து, தானாகச் சூடேறி, காலையில் கதவு திறக்கிறவனைக் காவு வாங்கும். கூட்டிப் பெருக்கி, கழுவி, தரை ஈரமாக இருக்கும்போதுதான் பூட்ட வேண்டும். எத்தனையோ வருஷம் ஒரு நாளும் மிச்சம் வைக்காத கை அது. மிச்சத்தைக் கண்டால் தானாக நீளும். தெரியாததைத் தொடாதே என்று வீடியோவில் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் இதுதான் அவனுக்குத் தெரிந்ததாயிற்றே!

பழைய எண் போட்ட பெட்டியை அழித்தான். 'நிரந்தரமாக அழிக்கவா' என்று கேட்டது. நிரந்தரமாகத்தான், பின்னே என்ன என்று அமுக்கினான்.

பிறகு ஆசையோடு லேபிள் மென்பொருளைத் திறந்தான். வந்தது, ஒரு கணம் நின்றது, ஆங்கிலத்தில் ஏதோ ஒன்று காணவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான். மறுபடி அதே. மயிலும் இல்லை, தோகையும் இல்லை.

நாளைக் காலையில் லேபிள். சீசன் பூராவும் அதில். தன்னை அந்த அறையிலிருந்து வெளியே இழுக்க ஒருத்தி திரித்த கயிறு. அதைத் தன் கையாலேயே அறுத்துவிட்டோம் என்று புரிந்ததும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இல்லை, கால் ஓடியது. மருந்து ரூமில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் எதையும் எடுக்காதே, எதையும் அணைக்காதே, வெளியே ஓடு என்பதுதான் பாடம். சங்கிலிமுத்து அப்படியே எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பாலகுரு சைக்கிளை நிறுத்தினான். "ஏலே சங்கிலி, வீட்டுக்குள்ள பாம்பு எதுவும் பூந்துருச்சாலே?"

"இல்லண்ணே. கம்ப்யூட்டரு."

பாலகுரு அவனை மேலும் கீழும் பார்த்தான். "கம்ப்யூட்டரா? கடிக்காதுலே அது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொழுது சாய மாரிசெல்வி வந்தாள். காதுகுத்து வீட்டுப் பலகாரப் பையோடு தெருமுனையில் திரும்பியவள், வெறுங்காலோடு பேயறைந்த மாதிரி மரத்தடியில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது. ஓடி வந்தாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் முகத்தை அப்படிப் பார்த்தால் கேள்வி கேட்பதில்லை, தீக்காயம்தான் தேடுவார்கள். அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல செல்வி. கம்ப்யூட்டரக் கொன்னுட்டேன். ஒம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"சீ, அம்புட்டுதானா?" என்று அவள் அவன் தோளில் ஒன்று வைத்தாள். நல்ல அடிதான். அப்புறம்தான் அவளுக்கே லேபிள் ஞாபகம் வந்து முகம் மாறியது. "என்ன செஞ்சீக? மொதல்லருந்து சொல்லுங்க."

சொன்னான். மிச்சம் என்று நினைத்ததையும் சொன்னான். உள்ளே போய்த் திரையைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பழசு மிச்சம் இல்லங்க. பிரஸ்ஸுக்காரங்க வாங்குன உரிமை அதுலதான் இருக்கு. புதுசு அதக் கேட்டுக்கிட்டுத்தான் தொறக்கும். அப்படியே மிச்சமா இருந்தாலும் இங்கன அது பாட்டுக்குக் கெடக்கும், எதுவும் வெடிக்காது. மிசினு மெதுவா ஓடுறது நான் போட்டு வச்சிருக்க எழுத்து வகைக கூடிப்போனதால." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "அழிக்கதுக்கு முன்னால நகல் எடுத்தீகளா?"

"அந்த ஆளு எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன்."

"எங்க?"

முகப்புத் திரையில் தன் பெயரைக் காட்டினான். அதனால் என்ன பிரயோஜனம் என்று அவனுக்கு விளங்கவில்லை. செத்த பிறகு ஜாதகத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

மாரிசெல்வி அதை இரண்டு தட்டுத் தட்டினாள். 'சேர்க்கவா' என்று கேட்டது. சேர் என்றாள். சேர்த்துவிட்டதாகச் சொன்னது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டினாள். பழைய எண் போட்ட பெட்டி, அழித்த இடத்திலேயே, உள்ளே இருந்த வரிகள் ஒன்றுவிடாமல் உட்கார்ந்திருந்தது. லேபிள் மென்பொருளைத் திறந்தாள். மெதுவாக, மிக மெதுவாக, மயில் வந்தது. கழுத்து வந்தது. தோகை ஒவ்வொரு கண்ணாக விரிந்தது.

சங்கிலிமுத்து வாயைத் திறந்தபடி நின்றான்.

"எப்படி? நிரந்தரமான்னு கேட்டுச்சு. நானும் ஆமான்னேன்."

"அது கேட்கும். ஆனா நீங்க முன்னாலயே எடுத்து வச்சுட்டீகள்ல."

"இன்னொருக்கா காட்டு."

"வெளையாடுறீகளா? லேபிள் முடிக்கணும்."

"ஒரே ஒருக்கா, செல்வி."

அவன் குரலில் இருந்ததைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவள், மென்பொருளை மூடிவிட்டு அந்தப் பெட்டியை அழித்தாள். இல்லை. 'முத்து'வைத் தட்டினாள். இருந்தது. அவன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்குத் தெரிந்த எச்சரிக்கை எல்லாம் நடப்பதற்கு முன்னால் செய்வது. நடந்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றும் கிடையாது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதைத் தவிர. கூட வேலை பார்த்தவர்கள் எத்தனை பேரைத் தூக்கி ஏற்றியிருக்கிறான். கெட்டிக்காரர்கள்தான், கவனமானவர்கள்தான். ஒரே ஒரு தடவை கை தப்பியவர்கள். அவர்களில் ஒருத்தரும் போன இடத்திலிருந்து, போன மாதிரியே, ஒன்று குறையாமல் வந்ததில்லை.

தப்புச் செய்தவனைத் திரும்ப வரவிடுகிற வேலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அதுவும் தன் வீட்டுக்குள், மேஜை மேல், இத்தனை நாளாக இருந்திருக்கிறது. அந்த ஆச்சரியம் அவனுக்குத் தாங்கவில்லை.

"செல்வி, இந்த வேலைல கை தப்புனா ஆளு மிஞ்சுவான், இல்ல?"

"ஆளும் மிஞ்சுவான், வேலையும் மிஞ்சும்" என்றாள் அவள். "பொண்டாட்டிகிட்ட ஏச்சு மட்டும் உண்டு."

அவன் சிரிக்கவில்லை. மயிலையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மணிமுத்து மொதலாளிக்கு லேபிள் பிடிக்கட்டும், பிடிக்காமப் போகட்டும். நாளைக்கு வேன் வந்தா நான் வரலன்னு சொல்லிரு."

மாரிசெல்வி தான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நகர்ந்து அவனுக்குப் பாதி இடம் விட்டாள்.