இருபத்தைந்து எப்படி?

கிருபாவதியின் கணக்கு வகுப்புக்குச் சந்தைக்கடை என்று பெயர் வைத்தவர் பக்கத்து வகுப்பு கிளமென்ட் சார். அவருடைய வகுப்பில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். கிருபாவதியிடம் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விடையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது. சொன்னவரைப் பார்த்து ‘எப்படி?’ என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டவருக்குத் திருப்தியாகும்வரை சொன்னவர் நின்றுகொண்டே விளக்க வேண்டும்.

தலைமையாசிரியர் சீனிவாசலு அவளைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். வெறும் கூச்சல்தான் என்றால் ஒன்பதாம் வகுப்பு கிளமென்ட்டுக்கு, ஆறாம் வகுப்பு அவளுக்கு. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கிருபாவதி கரும்பலகையில் எழுதினாள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு வேன் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சராசரி வேகம் என்ன?

சாய்குமார் எழுந்து இருபத்தைந்து என்றான். மற்ற நாளாக இருந்தால் நாலு பக்கமும் கேள்வி பாய்ந்திருக்கும். பெரிய சார் பின்னால் இருப்பதால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூச்சலைவிட இந்த அமைதிதான் தன்னைக் கவிழ்த்துவிடும் என்று கிருபாவதிக்குத் தோன்றியது.

சீனிவாசலு அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். “இருபத்தஞ்சு சரிதானுங்க டீச்சர். அடுத்த கணக்கு போடுங்க.”

“எப்படி வந்துச்சுங்க சார்?”

கேட்டது ரிஃபானா. பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆஃப்ரின் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். சாய்குமார் அத்தோடு விடவில்லை.

“சொல்றவங்க எந்திரிச்சு நிக்கோணுமுங்க சார்” என்றான், மிகவும் பணிவாக.

‘உட்காருடா’ என்று கிருபாவதி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வகுப்பைத் தானே கொடுத்துவிட்ட மாதிரி. சீனிவாசலு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன் என்றார்.

ரிஃபானாவுக்கு அது போதவில்லை. அவளுடைய அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். ஏறுவதற்குத்தான் நேரம் அதிகமாகும், அதனால் மெதுவாகப் போகிற நேரம்தான் அதிகம் என்றாள். தூரத்தை அறுபது என்று வைத்துக்கொண்டால் ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு. ஐந்து மணி நேரத்தில் நூற்றிருபது கிலோமீட்டர். இருபத்திநாலுதான் வருகிறது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. சாய்குமார் வேறொரு தூரம் வைத்துப் போட்டுப் பார்த்து, அதற்கும் இருபத்திநாலே வந்ததும் தன் விடையை மாற்றிக்கொண்டான். இருபத்தைந்தின் பக்கம் சீனிவாசலு மட்டும் மிஞ்சினார். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அவரைப் பார்க்க ரிஃபானாவுக்கே சங்கடமாகிவிட்டது.

“சீசன்ல குன்னூர் வழியா ஏறி, கோத்தகிரி வழியாத்தான் இறங்க உடுவாங்க சார். அது சுத்து வழி. இறங்கற தூரம் ஜாஸ்தியா இருந்தா நீங்க சொன்னதுகூட வரலாமுங்க.”

“இருபத்தஞ்சு வரணும்னா எவ்வளவு சுத்தோணும்?” என்று கேட்டார் சீனிவாசலு.

யாருக்கும் தெரியவில்லை. அவர் முன்னால் வந்து கிருபாவதியின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். ஏறுவது அறுபது என்று எழுதி, இறங்குவதற்கு நேராக இடம் விட்டார். எண்பது என்றார்கள், நூறு என்றார்கள். ஒருவன் தொண்ணூறு என்றான். கோத்தகிரி ரோடு அத்தனை தூரம் கிடையாது என்று பெஞ்சின் மேல் முட்டி போட்டுக்கொண்டு இன்னொருவன் அடித்துப் பேசினான்.

இரைச்சல் தாங்காமல் கிளமென்ட் சார் வாசலுக்கு வந்தார். சீனிவாசலு திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நிமிசம் இருங்க சார். இவன் தொண்ணூறுங்கறான். எப்படின்னு கேக்கோணும்.”

கிளமென்ட் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். கிருபாவதி கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.