வலது பின்கதவு

சலீர்!

குளியலறையில் கண்ணாடி டம்ளர் உடைந்த சத்தம் கேட்டு, சீருடைப் பொத்தான்களைப் பாதி போட்டபடியே அவள் ஓடினாள்.

கணவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். ஒரு கன்னத்தில் நுரை. ரேசர் பிடித்த கை அந்தரத்தில் நின்றுவிட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. குழாய் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தூணை உலுக்குவது போலிருந்தது. பிறகு யாரோ சுவிட்சைப் போட்டது மாதிரி ரேசர் கன்னத்தில் இறங்கியது.

"டம்ளரை ஏன் உடைச்சே?" என்றார்.

"நானா? காலடியில பாருங்க. உங்க கையிலேர்ந்துதான் விழுந்திருக்கு. நான் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே."

இது முதல் தடவையல்ல. சாப்பாட்டு மேஜையில் ஒருமுறை கரண்டியோடு அப்படியே உறைந்துபோனார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அடுத்த தடவை மகளோடு போனில் பேசும்போது. மகள் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அப்போது இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டர்கிட்ட போகலாம். இன்னிக்கு ஓட்ட வேண்டாம். வயித்து வலின்னு சொல்லிடுங்க."

"வயித்து வலின்னாலும் கம்பெனி டாக்டர் வந்து நிப்பான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் தட்டிப் பார்ப்பான். அன்னிக்கோட காக்பிட் கதவை எனக்குச் சாத்திடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது? வீட்ல உட்கார்ந்து வெங்காயம் உரிக்கவா?"

"உரிங்களேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் உரிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

அவர் சிரித்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்ததும் சிரிப்பும் போய்விட்டது.

"இது வெறும் அசதி. இதைப் பத்தி வெளியில ஒரு வார்த்தை போச்சுன்னா, நமக்குள்ள எல்லாம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. விளையாட்டுக்குச் சொல்லலை."

கீழே வேன் ஹார்ன் அடித்தது.

அந்த ஜம்போ விமானத்தில் அவர் கேப்டன். அவள் பணிப்பெண். அவர் மாடியில், மூக்கு நுனியில். அவள் கடைசியில், வாலுக்குப் பக்கத்தில். நடுவில் நானூறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மேலே பைகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். பெல்ட்டுகளை இழுத்துவிட்டாள். குழந்தைக்குத் தலையணை கேட்டவளுக்கு எடுத்துக் கொடுத்தாள். கை வேலை செய்தது. மனசு அந்தக் குழாய்ச் சத்தத்திலேயே நின்றது. தரையிறங்கும் நேரத்தில் கை அப்படி நின்றுபோனால்? பக்கத்தில் துணை விமானி இருக்கிறான்தான். ஆனால் சக்கரம் தரையைத் தொடப்போகிற அந்த நேரத்தில், கேப்டனுக்கு என்ன ஆயிற்று என்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுமே.

இண்டர்காமை எடுத்தாள்.

"கேப்டன், பின்பக்கத்திலேர்ந்து. உடம்பு எப்படி இருக்கு?"

"என் உடம்புக்கு என்ன? பயணிகளைப் பாரு." டக்கென்று வைத்துவிட்டார்.

தலைமைப் பணியாளரைத் தேடிப் போனாள். எப்போதும் விதிமுறைகளை ஒப்பிப்பதால் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். திரை மறைவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம். நம்ம கேப்டன் காலையிலேர்ந்து…"

"மறுபடியும் சண்டையா?" என்றார் அவர், மூடியைத் திருகிக்கொண்டே. "வேன்லயே பார்த்தேன், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துட்டு வந்தீங்க. இந்தா பாரும்மா, வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கணும். விமானத்துக்குள்ள கேப்டன் கேப்டன்தான், புருஷன் இல்லை. சரி, என்ன சொல்ல வந்தே?"

'சொல்லு, சொல்லு' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அந்த மனுஷன் மறுபடி விமானத்தைத் தொடப்போவதில்லை. அவள் முகத்தையும் பார்க்கப்போவதில்லை.

"ஒண்ணுமில்லை சார். ரொம்ப அசதியா இருக்காராம்."

"யாருக்குத்தான் இல்லை?" என்று வாத்தியார் போய்விட்டார்.

முன்கதவு சாத்தப்பட்டது. பயணிகள் ஏறி வந்த ஏரோபிரிட்ஜ் விலகியது. கதவுகளை 'ஆட்டோ'வில் போடும்படி அறிவிப்பு வந்தது. வலது பின்கதவின் லீவரை அவள் கீழே தள்ளினாள். இனி யாராவது அந்தக் கதவைத் திறந்தால், அவசரத்தில் பயணிகள் இறங்குவதற்கான ரப்பர் சறுக்கு, அவர்கள் பேச்சில் ஸ்லைடு, வெடித்துக்கொண்டு வெளியே பாயும். எதிர்ப்பக்கக் கதவைப் பார்த்துக்கொள்வது சிட்டு. குருவி மாதிரி ஓயாமல் பேசுகிற சின்னப் பெண். ஒருத்தி லீவரை மாற்றியதும் இன்னொருத்தி எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். சிட்டு காட்டினாள்.

கதவோரத்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பருமனான பெரியவர். கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய வண்டி. ஓட்டுறவர் நல்லா ஓட்டுவாரா?"

"அனுபவசாலிங்க."

எதிர்ப்பக்கத்திலிருந்து சிட்டு தலையை நீட்டினாள். "ஐயா, ஓட்டுறதே இவங்க வீட்டுக்காரர்தான்!"

பெரியவர் முகம் மலர்ந்தது. கைப்பிடியை விட்டார்.

"அப்புறமென்ன! கட்டின பொண்டாட்டியைப் பின்னால ஏத்திக்கிட்டு எவனாவது அசட்டையா ஓட்டுவானா? நான் தூங்குறேம்மா, சாப்பாடு வந்தா எழுப்பு."

அவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குக் காற்று உள்ளே வராதபடி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, இந்த நானூறு பேரோடு தன்னையும் வைத்துப் பூட்டியது போலிருந்தது. பெல்ட் வேறு வயிற்றை அறுத்தது.

இண்டர்காம் அடித்தது. சிட்டு எடுத்தாள்.

"அக்கா, ஒரு சாப்பாட்டுப் பெட்டியை ஏத்தாம விட்டுட்டாங்களாம். லாரி திரும்பி வருதாம். உங்க பக்கக் கதவைத் திறக்கணுமாம். இவங்களுக்கு வேற வேலையே இல்லை!"

அவள் எழுந்தாள்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். லாரி இன்னும் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே ஆள் நடமாட்டம் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை.

லீவரை முதலில் மேலே தூக்க வேண்டும். பிறகு கட்டைவிரல். பிறகுதான் கைப்பிடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கனவில்கூட வந்து மிரட்டிய வரிசை அது. அதை மறந்து கதவைத் திறந்தவர்களைப் பற்றி உணவு இடைவேளைகளில் பேசிச் சிரிப்பார்கள். ஸ்லைடு போன கதவோடு, ஆள் நிறைந்த விமானம் பறக்க முடியாது. பயணம் ரத்தாகும். பெயர் கெடப்போவது அவளுக்கு, அவருக்கு இல்லை. சாயங்காலத்துக்குள் அவரை இழுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்விடலாம்.

லீவரைத் தூக்குவது போலத் தொட்டாள், தூக்கவில்லை. எதிரே சிட்டு, யாருக்கோ போர்வை எடுத்துக் கொடுத்தபடி, திரும்பியும் பார்க்காமல் கட்டைவிரலைக் காட்டினாள்.

அவள் கைப்பிடியை இழுத்தாள்.

டமால்!

கதவு அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு அகலத் திறந்தது. சாம்பல் நிற ரப்பர் மூட்டை சீறிக்கொண்டே வெளியே விழுந்து, உப்பி, நீண்டு, தரையைத் தொட்டு ஆடியது. பெரியவர் பெல்ட்டோடு எழப் பார்த்து மறுபடி விழுந்தார். "தீ! தீ!" என்று பின்னால் ஒரு குரல். இரண்டு பேர் கதவை நோக்கி ஓடி வந்தார்கள்.

அவள் வாசலில் கைகளை விரித்து நின்றாள். "தீ இல்லை! உட்காருங்க! யாருக்கும் ஒண்ணும் இல்லை!"

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. நிதானமான, கணீரென்ற குரல். "சிறு தவறு ஏற்பட்டிருக்கிறது. அனைவரும் இருக்கையிலேயே இருங்கள்." நானூறு பேரும் அந்தக் குரலை நம்பி உட்கார்ந்தார்கள்.

ஏரோபிரிட்ஜ் மறுபடி வந்து ஒட்டியது. பாதுகாப்பு அதிகாரி ஏறி வந்தார். குட்டையான, சிரிக்காத அம்மாள். பின்னாலேயே வாத்தியார்.

"எத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு!" வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "புதுசா சேர்ந்ததுங்களுக்குப் பாடம் எடுக்கிறவ நீ! என் மானத்தை வாங்கிட்டியேம்மா!"

"லீவரைத் தூக்காம எப்படித் திறந்தீங்க?" என்றார் அதிகாரி.

"மறந்துட்டேன் மேடம்."

"எதிர்ப்பக்கம் யாரு?"

சிட்டு முன்னால் வந்தாள். அவள் வாயிலிருந்து பேச்சு வராமல் இருப்பதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நான்தான் மேடம். நான்… பார்க்காமலே கட்டைவிரலைக் காட்டிட்டேன். அக்கா தப்பே பண்ண மாட்டாங்கன்னு…" அழுதுவிட்டாள்.

"அவ மேல தப்பே இல்லை மேடம். எல்லாம் என் தப்பு."

"ரெண்டு பேர் பார்க்கணும்னு விதி வெச்சது எதுக்கு? ரெண்டு பேரும் இறங்குங்க. விசாரணை முடியுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் பறக்குற வேலை கிடையாது."

சிட்டுவின் கையைப் பிடிக்கப் போனாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

சரி, இதையும் பட்டுக்கொள்வோம். விமானம் நின்றுவிட்டது, அது போதும். "பயணிகளை எப்ப மேடம் இறக்கணும்?"

"பின்பக்கம் இருக்கிறவங்களை இப்பவே. ஸ்லைடை அறுத்து எடுத்துட்டு, கதவைச் சாத்தி, இந்தப் பகுதியைக் காலியா விட்டுட்டா மீதிப் பேரோட போகலாம். இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க ரெண்டு பேருக்குப் பதிலா ஆள் வந்துட்டு இருக்கு."

"போகலாமா? யாரு… யாரு ஓட்டுறது?"

அதிகாரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கேப்டன்தான். வேற யாரு?"

பெரியவர் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? என் பேரன் அங்க காத்துட்டு இருப்பானே!" என்று புலம்பிக்கொண்டே வரிசையில் நின்றார். பின்பக்கம் முழுக்க ஆட்கள் எழுந்து நடைவழியை அடைத்துக்கொண்டார்கள். முன்பக்கத்தில் மீதிப் பேர் பெல்ட்டைக் கழற்றாமல், எப்போது கிளம்பும் என்று உட்கார்ந்திருந்தார்கள். தலையணை கேட்டவள் குழந்தையை மடியில் சாய்த்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்குகிற வரிசையில் சேரவில்லை. இன்னொரு நடைவழியில், நின்றவர்களை இடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"எங்க போறே? கதவு இந்தப் பக்கம்!" வாத்தியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

"புருஷன்கிட்ட சொல்லிட்டு இறங்குறேன் சார்."

"விமானத்துக்குள்ள புருஷன் கிடையாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மாடிப்படியில் ஏறினாள். இன்ஜினியர் வந்து போனதால் காக்பிட் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் இடிக்கிற இடம். துணை விமானி எழுந்து ஒதுங்கினான்.

"வாங்க அண்ணி. பயந்துட்டீங்களா? விடுங்க, யாருக்குத்தான் கை தவறலை?"

கணவர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே பேசினார்.

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. விசாரணையை நான் வந்து பார்த்துக்கிறேன்."

"கை தவறலை," என்றாள்.

துணை விமானியின் சிரிப்பு பாதியில் நின்றது. படியேறி வந்த வாத்தியாரும், அவர் பின்னால் வந்த அதிகாரியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் நிற்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் குரலை உயர்த்தினாள்.

"தெரிஞ்சேதான் இழுத்தேன். விமானம் நின்னுடும்னு நினைச்சேன். நிக்கலை. அதனால இப்ப வாயைத் திறக்கிறேன். இன்னிக்குக் காலையில இவர் கையில ரேசரோட சிலை மாதிரி நின்னாரு. கூப்பிட்டேன், உலுக்கினேன், இவருக்குத் தெரியலை. டம்ளர் உடைஞ்சதும் தெரியலை. இது மூணாவது தடவை."

ஏதோ ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. துணை விமானி கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேப்டன்," என்றார் அதிகாரி மெதுவாக. "இவங்க சொல்றது…"

"என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க," என்றாள் அவள் கணவரிடம். "வீட்டுக்கு வர வேண்டாம்னா சொல்லிடுங்க, வரலை. ஆனா இந்த இருக்கையிலேர்ந்து எழுந்திருங்க."

அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். அதன் வயரை நிதானமாகச் சுற்றினார். மடியில் வைத்தார். பெல்ட்டின் மேல் கை போயிற்று, கழற்றவில்லை. இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

"போன வாரம் நாம வந்து இறங்கினோமே," என்றார். "நான் எப்படி இறக்கினேன்னு எனக்கே தெரியாதும்மா."