நின்ற வண்டியின் பின்விளக்கு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும். ஜம்புலிங்கம் சார் ஷிஃப்டில் நட்டு கீழே விழுந்தால்கூடச் சத்தம் போடாமல் விழும் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட சூப்பர்வைசர் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்த கதை இது. படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம். நானும் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

1993 டிசம்பர் கடைசியில் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினேன். கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் உலகநாதன். முன்பு லாரி ஓட்டியவன், அப்போது எங்கள் கம்பெனி ஸ்டோரில் இருந்தான்.

அந்த வண்டியின் விளக்குகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தால் முன்னால் பார்க்கிங் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியும். இரண்டாவது இழுப்புக்கு ஹெட்லைட். அது பிரைட்டா டிம்மா என்பது இடது காலுக்கடியில் உள்ள பித்தானில். குமிழை முழுக்க உள்ளே தள்ளினால் எல்லாம் அணைந்துவிடும், வண்டி இருட்டில் இருட்டாக நிற்கும்.

பேட்டரியைப் பாதி உயிரோடுதான் பழைய சொந்தக்காரர் என் தலையில் கட்டியிருந்தார். அதனால் உலகநாதன் முதல் நாளே சொல்லிவிட்டான். “வண்டி நின்னா லைட்ட அணச்சிடு அண்ணாத்தே. இல்ல, ஊடு வரைக்கும் தள்ளிகினுதான் போணும்.” நெமிலிச்சேரி ரயில்வே கேட்டில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கேட் மூடியதும் வரிசையாக இன்ஜின் நிற்கும், வரிசையாக விளக்கு அணையும். பத்தே நாளில் அது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. வண்டி நின்றால் கை குமிழுக்குப் போய்விடும்.

அந்தப் போகிக்கு மாமனார் வீட்டில் காரைக் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். என் மனைவி வடிவுக்குக் குத்தம்பாக்கம். காலை ஐந்தரை இருக்கும். அன்று புகை இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிற போகிதான். பாய், முறம், துடைப்பத்தோடு சைக்கிள் டயரையும் தெருவுக்குத் தெரு எரித்துக்கொண்டிருந்தார்கள். ஆவடி தாண்டும்வரை சமாளித்துவிட்டேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்ததும் ஏரிப் பனியும் டயர்ப் புகையும் சேர்ந்துகொண்டன. அதற்கப்புறம் சாலை என்று ஒன்று இல்லை.

பித்தானை மிதித்துப் பிரைட்டில் போட்டேன். முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது.

“டிம் பண்ணுங்களேன். பொகைல பட்டு நம்ம கண்ணுலயே அடிக்குது” என்றாள் வடிவு.

“நீ வந்து ஓட்டு, வா” என்றேன்.

அவள் சொன்னதுதான் சரி. டிம்மில் போட்டு, கண்ணாடியை இறக்கி, சாலையோரத்தைப் பார்த்தபடி ஊர்ந்திருந்தால் ஏரிக்கரையைக் கடந்திருக்கலாம். அல்லது கொஞ்சம் முன்னாலேயே டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். பொண்டாட்டி சொல்லி நான் பித்தானை மிதிப்பதா? இன்னும் கொஞ்ச தூரம் பிரைட்டிலேயே போனேன். பிறகு ஒன்றுமே தெரியாமல் போகவே, இருந்த இடத்திலேயே, சாலையிலேயே நிறுத்தினேன். இடப்பக்கம் ஏரிச் சரிவு. அதில் இறங்கிவிடுவோமோ என்று பயம். இன்ஜினை நிறுத்தினேன். கை வழக்கம்போல் குமிழுக்குப் போய் அதை முழுக்க உள்ளே தள்ளியது.

“கொஞ்சம் வெளுக்கட்டும்” என்றேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தமும் இல்லை, யாரோ டிக்கியை ஓங்கிச் சாத்தியது போல இருந்தது. வடிவு “ஐயோ” என்றாள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்கிறேன். நான் கதவைத் திறக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் குமிழை ஒரு இழுப்பு இழுத்தேன். பிறகுதான் இறங்கினேன். பயத்தில் கை தானாகப் போனது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தானாகப் போகிற கை ஹெட்லைட் வரை இழுத்திருக்கும். என் கை சரியாக ஒரே இழுப்போடு நின்றது. எனக்கு வேண்டியது பின்னால் சிவப்பு மட்டும்தான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மொபெட் ஒன்று டிக்கிக்கடியில் சொருகிக் கிடந்தது. ஓட்டி வந்தவர் இரண்டடி தள்ளிக் கிடந்தார். பின்னால் கட்டிக்கொண்டு வந்த தூக்கு உருண்டு, சாலை முழுக்க இட்லி மாவு. நான் போட்ட விளக்கில் அந்த மாவு சிவப்பாகத் தெரிந்தது. அவர் பெயர் ஆரோக்கியசாமி. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கேன்டீனில் சமையல் மாஸ்டர், காலை டிபனுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒரு வேனை நிறுத்தி அவரை ஏற்றி அனுப்பினார்கள். சைக்கிளில் வந்த கான்ஸ்டபிள் என் காரைச் சுற்றி வந்தார்.

“லைட்டு எரிஞ்சுகினுதானே கீது? அப்புறம் எப்பிடி வந்து உட்டான்?”

“தெரியல சார். நான் லைட் போட்டுட்டுதான் நின்னேன்” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது வடிவு ஒரே தடவை கேட்டாள். “அது நீங்க அப்புறம் போட்டதுதானே?”

“வாயை மூடு” என்றேன். அவள் மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் காரில் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆரோக்கியசாமி அன்று மத்தியானம் செத்துப்போனார். அவர் மனைவி சகாயம்மாள், யாரோ சொல்லி, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். இரண்டு வருடம் நடந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். கான்ஸ்டபிளும் அதையே சொன்னார், அவர் கண்ணால் பார்த்தது அதுதான். எரிகிற விளக்கைக் கவனிக்காமல் மோதியது ஓட்டியவரின் தவறு என்று தீர்ப்பானது. அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செத்தவர் பெயரும் கெட்டது.

கோர்ட் வராந்தாவில் சகாயம்மாள் என்னைக் கடந்து போனாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சபிப்பாள் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நின்று கும்பிட்டாள்.

“நீங்க இன்னா பண்ணுவீங்க சார். அந்த மனுசன் பாத்து வந்துக்கணும்.”

அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தக் கும்பிடு இரண்டு வாரம் என்னைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனியில் யாரையும் அதட்டத் தோன்றவில்லை, எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, பஸ் பிடித்துப் பருத்திப்பட்டில் அவர்கள் காலனிக்குப் போனேன். கையில் ஒரு பை ஆரஞ்சு. என்ன புத்தியோ, ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி வாங்கியிருந்தேன்.

சகாயம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் மகள் ஸ்டெல்லா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிற பெண். எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சகாயம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் போலிருக்கிறது.

“ஆஸ்பத்திரில நெனவு இருந்துச்சு சார் அவருக்கு. லைட்டே இல்லடி, லைட்டே இல்லடின்னு அதையே சொல்லிகினு கெடந்தாரு. நான் நம்பல. போலீசு வேற சொல்லுது, அத்தினி பேரு பாத்துகீறாங்க. கண்ணு தெரியாம போயி உய்ந்துட்டு இன்னாய்யா கத உட்றேன்னு கத்திட்டேன். பொண்ணு கலியாணத்துக்கு கீது, இப்பிடிப் பண்ட்டியேன்னு வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அப்பால அவரு பேசவே இல்ல சார். செவுத்துப் பக்கம் திரும்பிகினாரு. அப்பிடியே பூட்டாரு.”

உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“இவ அப்பலேர்ந்து எங்கூடப் பேசறதில்ல” என்று உள்ளே கையைக் காட்டினாள். “அப்பா பொய் சொல்ல மாட்டாரும்மா, சொல்ல மாட்டாரும்மான்னு அழுதா. அவ பக்கத்துல நின்னுகினுதான் இருந்தா.”

“லைட் எரியலம்மா” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்னையே பார்த்தாள்.

“நான் வண்டிய நிறுத்தினப்ப எல்லா லைட்டையும் அணைச்சிட்டேன். பின்னாடி லைட் இல்ல. அவர் சொன்னதுதான் நெசம்.”

சகாயம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வலது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஒரு அடி, இரண்டு அடி. நிறுத்தவே இல்லை. ஸ்டெல்லா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் சொன்ன முதல் சொல் “உடும்மா” என்பதாக இருந்திருக்கும்.

அம்மாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

“கேஸ் முடிஞ்சிட்ச்சு. அதான் சார் வந்துகீறாரு.”

நான் மனச்சாட்சி மனச்சாட்சி என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்ததை அந்தப் பெண் ஒரே வரியில் துணி போல் மடித்து வைத்துவிட்டாள். தீர்ப்புக்கு முந்தின நாள் எனக்குச் சாப்பாடு நன்றாகத்தான் இறங்கியது.

அவள் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துப் பேனாவோடு கொண்டுவந்தாள்.

“எழுதிக் குடுங்க. வக்கீல் கைல குடுக்கறோம்.”

நோட்டை முழங்காலில் வைத்து எழுதினேன். இன்ன தேதி, போகி அன்று காலை, பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சாலையில், தெரியாத்தனமாகப் பின்விளக்கை அணைத்துவிட்டு என் காரை நிறுத்தியிருந்தேன். ஆரோக்கியசாமி மீது எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மனசு லேசானது போல்கூட இருந்தது.

ஸ்டெல்லா நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“போலீசு வந்தப்ப எரிஞ்சுகினு இருந்துச்சே. அணைச்ச லைட்டு எப்பிடி சார் எரிஞ்சுது?”

நான் அவள் காலைப் பார்த்தேன்.

“நீங்க போட்டிருக்கீங்க. எங்கப்பா கீய கெடக்கசொல்ல, மொதல்ல லைட்டப் போட்டிருக்கீங்க. அதையும் எழுதுங்க.”

தாளை மறுபடி முழங்காலில் வைத்துக்கொண்டேன். தெரியாமல் அணைத்தேன் என்று எழுதினால் அது வெறும் கைப்பிசகு. வேண்டுமென்றே போட்டேன் என்று எழுதினால் பொய்ச் சத்தியம், ஜெயில், வேலை போகும், கோவில்பதாகையில் தலை காட்ட முடியாது. பேனாவை வைத்த இடத்தில் மை கசிந்து ஒரு பொட்டாகிப் பெரிதானது. வடிவு பக்கத்தில் இருந்திருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. அதுவும் சாக்குத்தான்.

“நாளைக்கு வந்து…” என்று ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள். தாளை எடுத்து, நாலாக மடித்து, என்னிடமே நீட்டினாள்.

“அப்ப இது எங்களுக்கு வேணாம் சார். எங்கப்பா முயுசா சொன்னாரு.”

வாங்கிக்கொண்டேன். வாசலில் என் செருப்பைத் தேடி மாட்டும்போது அதைச் சட்டைப் பையில் வைத்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை. தாள் என்னிடமே திரும்பி வந்துவிட்டதே என்ற நிம்மதிதான் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இங்கேயும் நான் பாதிதான் எழுதியிருப்பேன்.