ஃபீலியி லூச்சிஸ் சபையின் ஏழாவது கையெழுத்து

"மகன்கள்னா மகன்கள்தான? அப்ப பொம்பளைங்க இன்னாத்துக்கு, டீ ஊத்துறதுக்கா?"

பக்கத்து மாடியில், புதுச் சபைக்கு வைக்கப்போகிற பேரைக் கேட்டு ஜெசிந்தா போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். நான் துணி வாளியோடு எங்கள் மாடிக்கு ஏறினேன். வாளியில் இருந்தது ஒரே ஒரு துண்டு.

"கத்தாதக்கா. லத்தீன்ல ஆம்பளப் பன்மை போட்டா பொம்பளையும் அதுல அடங்கிடும்," என்றார் ராமதாஸ். ரயில்வே கேட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கத்தோலிக்கச் சாமியார் படிப்புக்குப் போய் மூன்றாம் வருடம் திரும்பி வந்தவர். ஏன் திரும்பினார் என்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

"அடங்குறதா? நானா?"

இந்தச் சபை பிறந்ததே, அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் கேக்கை யார் முதலில் வெட்டுவது என்ற தகராறில்தான். பழைய சர்ச்சிலிருந்து பதினெட்டுக் குடும்பம் வெளியே வந்து தெருவில் நின்றபோது, ஜெசிந்தா தன் மாடியைத் திறந்துவிட்டாள். புருஷன் போன பிறகு கம்பெனி கேன்டீனில் வேலை செய்து கட்டிய வீடு. மேலே தகரக் கூரை. பிரசங்கம் அவள் தம்பி ஜெபக்குமார். கார் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் என்பதால் பிரசங்கமும் மணி அடித்தாற்போல் தொடங்கி மணி அடித்தாற்போல் முடியும். ஆனால் கூட்டம் வந்தது ஜெசிந்தாவின் ஜெபத்துக்கு. அவள் மைக்கைப் பிடித்தால் தகரம் அதிரும். எங்கள் வீட்டுக்காரரின் முட்டி வலி அதனால்தான் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். குறைந்தது, அவ்வளவுதான்.

பேர் வைப்பதில்தான் பேஜார். ஊர்ப் பேரைப் போடலாமென்றால் சிங்கப்பெருமாள் கோயில் ஜெபக்கூடம் என்று வருகிறது. நரசிம்மர் என்ன நினைப்பார்? ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை பெத்தேல், எபிநேசர், ஷாலோம் எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்தாயிற்று. யாரும் தொடாத பாஷை என்று ராமதாஸ் லத்தீனை எடுத்தார். லூக்ஸ் என்றால் ஒளி. 'ஒளியின்' என்று சொல்ல வந்தால் அது லூச்சிஸ் ஆகிவிடும். ஃபீலியுஸ் ஒரு மகன், ஃபீலியி பல மகன்கள். ஃபீலியி லூச்சிஸ், ஒளியின் மகன்கள். இதை அதற்கு முந்தின வாரம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் நடத்தினார். ஆதார் நகல் எடுக்கப்போன எனக்கும் நடத்தினார்.

"மகளுங்களையும் சேக்கலாம்க்கா," என்று இப்போது இறங்கி வந்தார். "ஃபீலியி எத் ஃபீலியே லூச்சிஸ். போர்டுதான் கொஞ்சம் நீளமாப் பூடும்."

"போர்டுல இன்னா வேணா எழுதிக்க ராமதாஸு. ஞாயித்துக்கெழம நான் ஜெபம் பண்ணணும். அத இவன் வாயால சொல்லச் சொல்லு," என்று பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டினாள்.

அப்போதுதான் சண்டை பேருக்காக இல்லை என்று எனக்குப் புரிந்தது. சபை சங்கமாகப் பதிவானதும் பெண்கள் மைக் பிடிக்கக் கூடாதென்று ஜெபக்குமார் சட்டம் போட்டிருக்கிறான். பெரிய சபைக்காரர்கள் அப்போதுதான் மதிப்பார்களாம்.

"வேதத்துல அதுக்கு எடமில்லக்கா," என்றான் ஜெபக்குமார். "நீ கையெழுத்தப் போடு. நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்."

பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஆறு ஆண்கள் போட்டிருந்தார்கள். எண்ணிக்கைக்கு அக்காதானே என்று, கேட்காமலே ஏழாவதாக அவள் பேரை டைப் அடித்திருந்தான். விலாசமும் அவள் வீடுதான்.

ஜெசிந்தா பேனாவை மூடினாள். "நான்தான் உங்கள்ல அடங்கிட்டேனே. இந்த ஆறுலயே பாத்துக்க."

"வெளயாடாதக்கா."

"வெளயாடல. வேதத்துல எடமில்லன்னா மாடியிலயும் எடமில்ல. சேருங்கள எடுத்துகினு கெளம்புங்க."

ராமதாஸ் என் பக்கம் பார்த்தார். நான் துண்டை உதறினேன்.

அடுத்த வாரமே ஒரு குட்டியானை வண்டியில் நாற்காலிகள் போயின. மாமல்லபுரம் போகும் வழியில், பூஞ்சேரியில் ஒரு ஹால் பிடித்தார்கள். ஏழாவது கையெழுத்துக்குப் பூபாலன் கிடைத்தார். சர்ச் வாசலை மிதிக்காத மனிதர். மகன்தானே, போதும்.

ராமதாஸ் செய்யூரிலிருந்து விஜயகுமாரி என்ற நர்ஸைக் கட்டிக்கொண்டு கடையை மூடிவிட்டு அங்கேயே போய்விட்டார். ஜெசிந்தாவின் மகள் ஷாரோன் ஊரப்பாக்கம் மாப்பிள்ளை சாமைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குத் தாய்மாமன் ஜெபக்குமார் வந்தான், சாப்பிட்டான், அக்கா ஜெபம் பண்ணும்போது போன் வந்ததுபோல வெளியே போய் நின்றான். பிறகு அந்த ஹாலுக்குப் பக்கத்தில் கடலோரமாகவே வீடு பார்த்துக் குடும்பத்தோடு போய்விட்டான்.

குடும்பத்தோடு என்றா சொன்னேன்? போன ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டி சுஷ்மிதா, காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து, தனியாக வந்து ஜெசிந்தா மாடியில் ஏறினாள். நாற்காலி இல்லாததால் பாயில் பதினோரு பெண்கள். ஜெபம் முடிந்ததும் ஜெசிந்தா மைக்கை அவளிடம் நீட்டினாள். சுஷ்மிதா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.