கிளப்ஹவுஸ்காரனின் சொந்த வீடு

கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் என் பிழைப்பு முழுக்க கோல்ஃப் மைதானங்களுக்கு கிளப்ஹவுஸ் வடிவமைப்பதில்தான் ஓடியது. பெரிய மனிதர்கள் வெயிலில் பந்தைத் துரத்திவிட்டு வந்து, உட்கார்ந்து வம்பளக்க ஓர் இடம், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மைதானத்தின் கடைசிக் குழி தெரிய வேண்டும். ஆடி முடித்தவர்கள் அங்கிருந்து, பின்னால் வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கண்கள் பட்டதும், அதுவரை தள்ளாடி வந்தவர்கூடச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நடப்பார். அதைப் பார்க்கவென்றே திறப்பு விழாக்களுக்குப் போவேன்.

சொந்த வீடு கட்டும் வேளை வந்தபோது என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: என் வரைபடம் பிடிக்கவில்லை என்றால் வேலை அவள் தம்பிக்கு. மச்சான் கட்டட கான்ட்ராக்டர். அவன் கட்டுவதெல்லாம் தீப்பெட்டி. ஊருக்கெல்லாம் மாளிகை கட்டிய நான் அதில் குடியிருந்தால் தொழிலில் எவன் மதிப்பான்? மாய்ந்து மாய்ந்து வரைந்தேன்.

அவள் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். வாசலில் ஷூ துடைக்க ஓர் அறை. குளித்து உடை மாற்ற ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக வரிசையாகக் குளியலறைகள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சமையலறை வழக்கம்போலப் பின்னால், குப்பை வண்டி வரும் பக்கம். கிளப்ஹவுஸ் போட்ட பழக்கத்தில் கை தானாகவே போட்டிருக்கிறது.

"இருக்கிறது நாம ரெண்டு பேரு. நூறு பேரு குளிக்க இடம் விட்டிருக்கீங்க," என்றாள். சிரிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட போனை எடுத்தாள்.

"கொஞ்சம் இரு. உனக்கு உட்கார்ந்த இடத்துலேர்ந்து என்ன தெரியணும்? அதை மட்டும் சொல்லு."

"கல்யாணமானதுலேர்ந்து நீங்க வீட்டுக்கு நடந்து வர்றதை நான் பார்த்ததே இல்லை. பெல் சத்தம்தான் கேட்கும். அடுப்புக்கு எதிர்ல எப்பவும் சுவருதான்."

அழிப்பானை எடுத்தேன். குளியலறைகள் போயின, ஷூ அறை போயிற்று. சமையலறை முன்னால் வந்தது. அடுப்புக்கு எதிரே அகலமான ஜன்னல், அதற்கு நேராக கேட்டிலிருந்து ஒரு நடைபாதை. அவள் போனைக் கீழே வைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குடிபோன பிறகு முதல் தடவையாக வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது. கையில் கரண்டியோடு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன நடைபாதைதான், ஆனாலும் நடை பின்னிக்கொண்டது. என்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வயிற்றையும் எக்கிக்கொண்டேன்.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"மூச்சை விடுங்க," என்றாள். "நான்தானே."