வீங்காத கால்கள்

எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். அவர் சாதாரணமாக உள்ளே வா என்று கூப்பிட்டாலே மாடிப்படியில் போகிறவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்பவர்களில் நான்தான் மூத்தவள், அதாவது இன்னும் முடிக்காதவள். இந்த வருடத்துக்குள் என் பெயர் முதலில் வரும்படி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், முனைவர் பட்டம் அம்போதான். அம்மா முன்பெல்லாம் சொந்தக்காரர்களிடம் என் படிப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது "ஏதோ எலி வச்சுப் படிக்கிறா" என்பதோடு பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஈரலில் குடியேறும் ஓர் ஒட்டுண்ணிக்கு சைரன் தடுப்பூசி தயாரித்திருந்தார். அது வேலை செய்கிறதா என்பதை நான் எலியின் காலில் பார்க்க வேண்டும். ஒட்டுண்ணியை எதிர்க்க உடம்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. மற்றது, செல்களே நேரில் கிளம்பிப் போய் மல்லுக்கு நிற்பது. செல்லுக்குள் ஒளிந்துகொள்கிற இந்தத் திருடனிடம் முதல் வழி பலிக்காது. ஆகவே எலியின் ஒரு பின்னங்காலில் ஒட்டுண்ணிச் சாற்றையும் மறுகாலில் உப்புநீரையும் ஏற்றி, இரண்டு நாள் கழித்துப் பாதங்களின் தடிப்பை அளப்போம். சாறு போன கால் வீங்கினால், செல்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு ஓடிவந்திருக்கின்றன என்று அர்த்தம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். எனக்கோ ஏதாவது ஒரு வீக்கம் வந்தால் போதும் என்கிற நிலைமை.

தடுப்பூசி போட்ட எலிகளின் கூண்டுகளைத் தன் அறைச் சுவரை ஒட்டிய ரேக்கில் வைக்கச் சொன்னது சைரனேதான். செல்லப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். தடுப்பூசி இல்லாமல் ஒட்டுண்ணியை மட்டும் ஏற்றிய எலிகள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். அவை எதிர்ப்பக்கம் ஜன்னலோரம். அளந்து பார்த்தால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளுக்காவது கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. செல்லப் பிள்ளைகளுக்கு ம்ஹூம். ஈரலில் ஒட்டுண்ணியும் அவற்றுக்குத்தான் அதிகம். இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் சைரன் ஊதும். எனக்கு அளக்கத் தெரியவில்லை, ஊசி பிடிக்கத் தெரியவில்லை, என்னைப் பெற்றவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு வந்து அடுத்த தொகுதி எலிகளை ஆரம்பிப்பேன். அவற்றுக்கும் வீங்காது. மறுபடி ஊதும்.

இடையில் சைரன் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனார். போனவர் அப்படியே அங்கிருக்கும் மகள் வீட்டில் தங்கிவிட்டார். மகள் பாவம், ஆனால் எங்களுக்குப் பொற்காலம். அந்தச் சமயத்தில் ஆரம்பித்து முடித்த தொகுதியில் செல்லப் பிள்ளைகளின் கால்கள் கண்ணால் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு வீங்கியிருந்தன. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திரும்பி வந்ததும் எடுத்த தொகுதியில் எல்லாம் வற்றிவிட்டது. தான் இல்லாத நேரத்தில் நான் இஷ்டத்துக்கு எண்களை எழுதி வைத்துவிட்டேன் என்றார். அதுவரை திட்டியதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டது. இது மட்டும் போகவில்லை. அவர் கத்திக்கொண்டே இருக்கும்போதுதான், சுவருக்கு அந்தப் பக்கம் செல்லப் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று எனக்கு உறைத்தது.

பயந்த உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும், அது இந்தச் செல்களின் கையைக் கட்டிப்போடும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சைரனே வகுப்பில் நடத்தியதுதான், அதையும் கத்தித்தான் நடத்தினார். யாரையும் கேட்காமல் அடுத்த தொகுதியில் ரேக்கை மாற்றினேன். செல்லப் பிள்ளைகள் ஜன்னலுக்கு, மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் சுவருக்கு. அவ்வளவுதான், ஜன்னலோரம் வீங்கியது, சுவரோரம் வற்றியது. தடுப்பூசி உண்மையில் நல்ல தடுப்பூசி. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து நிரூபிக்கப்பட்டது.

அத்தனையையும் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். சைரன் படித்தார். "அடுத்த அறையிலிருந்து வந்த தொடர் இரைச்சல்" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"அடுத்த ரூம் யாரோடது?"

"உங்களோடது சார்."

அவரைச் சத்தமில்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். கோபத்தைவிடப் பேராசை பெரிது போலிருக்கிறது, தடுப்பூசி ஜெயித்துவிட்டதே. பேனாவை எடுத்து, என் பெயருக்கு முன்னால் தன் பெயரை எழுதினார். அந்த ஒரு வரியில் என் பட்டம் போய்விடும்.

"போடலாம் சார்," என்றேன். "ஆனா சத்தம் எங்கேருந்து வந்துச்சு, யாரோடதுன்னு பத்திரிகையில கேப்பாங்க. அந்த ஆளோட பேரே கட்டுரையிலயும் இருந்தா அதையும் எழுதித்தான் ஆகணும்."

பிறகு தன் பெயரை அவரே அடித்தார். முன்னால் மட்டுமல்ல, கடைசியில் நான் மரியாதைக்குப் போட்டிருந்ததையும் சேர்த்து.

கட்டுரை வெளியானது. அம்மா அதை வரவேற்பறையில் வைத்து, ஒரு வரி புரியாமல், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். கட்டுரையைப் படித்த விலங்கு நலக் குழுதான் சும்மா இருக்கவில்லை. எலிகளை இப்படியா வதைப்பது என்று நேரில் வந்து விசாரித்து, உடனே சுவருக்குச் சத்தம் புகாத பலகை அடிக்க உத்தரவு போட்டார்கள். அடித்தார்கள், கதவுக்கும் சேர்த்து.

வேலை முடிந்த அன்று சைரன் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இனி யாருக்கும் கேட்காது என்பதை உறுதி செய்துகொண்டு, குழுவை வரவழைத்தது யார் என்று ஆரம்பித்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற, புதிதாகச் சேர்ந்த மாணவி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். எலிகளுக்காவது கேட்க ஒரு குழு இருக்கிறது, அவை சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.