புண்யாகம் பண்ணிய பெட்டிகள்

அடுத்த வீட்டு வேதாந்தம் எப்பேர்ப்பட்ட ஆசாரக்காரர் என்றால், கொசுகூடக் கொள்ளிடத்தில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் கையில் உட்காரும். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அந்த வீடுதான் பொழுதுபோக்கு. டிவியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் மாடிச்சுவரில் என் முழங்கை பட்டுப் பட்டு இரண்டு பள்ளமே விழுந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மருமகள் ரஞ்சனி தாவரவியலில் எம்.எஸ்சி. கணவன் பெங்களூரில். மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வருவான், வெளுத்த துணியோடு போவான். அந்த வீட்டில் முன்பு கிச்சா என்று ஒரு சமையல்காரர் இருந்தார். டீக்கடையில் நின்று வெங்காய வடை தின்றதை வேதாந்தம் பார்த்துவிட்டார். நடுத்தெருவில் நிற்கவைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, அப்படியே துரத்திவிட்டார். அன்றிலிருந்து அடுப்படி ரஞ்சனி தலையில். கரண்டியைப் பிடித்துக்கொண்டு போனில் பேசினாள் என்று ஒருநாள் ஒரு பானை சாம்பாரையும் சாக்கடையில் கொட்டவைத்தார். கொட்டியதோடு விட்டாரா? வந்திருந்த விருந்தாளிகளிடம், "எம்.எஸ்சி. படிச்சவ இல்லையா, கடுகு வெடிக்கறதை மைக்ராஸ்கோப்ல பார்த்துண்டிருந்தா" என்றார். அவர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மனுஷன் நன்றாகவே சொல்வார்.

ஆனால் ரஞ்சனியின் உயிர் மொட்டை மாடிக் கொட்டகையில் இருந்தது. லால்குடியிலிருந்து வைக்கோலும், காந்தி மார்க்கெட்டில் எறியும் வாழை மட்டையும் வரும். அதை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து, காளான் விதையைக் கலந்து அச்சில் அமுக்கி இருட்டில் வைப்பாள். சில நாளில் உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடி, குப்பை முழுவதையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நல்ல சூட்டில் காயவைத்தால் உள்ளேயிருக்கும் பூஞ்சை செத்து, தெர்மாகோல் மாதிரி பெட்டி ரெடி. மண்ணில் போட்டால் மக்கிவிடும்.

பாலக்கரை அத்தர் வியாபாரி ஆசாத்துக்கு அது பிடித்துப்போயிற்று. துபாய்க்குக் கண்ணாடிப் பாட்டில் அனுப்புகிறவர். நேரே வீட்டுக்கே வந்து பேசினார்.

"பாட்டிலை உள்ள வெச்சு இந்த மாடிலேருந்து கீழே போடுவேம்மா. உடையலேன்னா ஆர்டர் உங்களுக்கு. திருவெள்ளறையில நம்ம குடோன் சும்மாதான் கிடக்குது, பக்கத்துலயே ஒரு வீடும் இருக்கு. ரெண்டு சாவியும் உங்க கையில. இன்ஷா அல்லாஹ்."

ஊஞ்சலிலிருந்த வேதாந்தம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உடைஞ்சா கொட்டகையைப் பிரிச்சுடணும். அப்புறம் அவளுக்கு அடுப்படிதான். ஆயுசுக்கும்."

"சரி மாமா" என்றாள் ரஞ்சனி.

முதல் ஈடு அச்சில் ஏறியது. வெள்ளை ஓடவில்லை. எல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி கிடந்து, கடைசியில் பச்சைப் பூசணம் பிடித்து நாறியது. ஊறவைத்த தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். முழங்கை வரை மஞ்சள்.

"மாமா, இதுல மஞ்சள் பொடி போட்டேளா?"

"பின்னே? காளான் காத்து வீட்டுல வீசலாமோ? தோஷம் போகட்டும்னு டப்பாவோட கவுத்தேன்." ஊஞ்சலை ஒரு உந்து உந்தினார். "ஏன், செத்துடுத்தா? த்சு, பாவம்."

அந்த 'த்சு'வுக்கு ஒரு மெடலே கொடுக்கலாம். அன்றிலிருந்து தன் கைக்கு ஒரு சக்தி வந்துவிட்டதாக மனுஷன் நம்ப ஆரம்பித்தார்.

இரண்டாவது ஈடு போடும்போது ரஞ்சனி சுவரோரம் வந்தாள். "அங்கிள், உங்காத்துல கொஞ்சம் இடம் கிடைக்குமா?" கேட்க வேண்டுமா? என் கட்டிலுக்கு அடியில் ஒரு டஜன் அச்சு குடியேறியது. அவை வெளுத்ததும் என் தகரக் கூரையில் காயப்போட்டோம். திருச்சி வெயிலில் காளான் என்ன, கருங்கல்லே செத்துப்போகும். மிச்சமெல்லாம் அவள் கொட்டகையில் ஈரத்தோடு, பாலாடை மாதிரி, காயப்போடும் நாளுக்காகக் காத்திருந்தன.

அதற்குள் வேதாந்தத்துக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்துவிட்டது. பிறந்தநாள் என்று சொல்லிவிடக் கூடாது. 'திருநக்ஷத்திரம்' என்று பத்திரிகையே அடித்திருந்தார், ஆழ்வார் ஆச்சாரியர்களுக்கு அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்ற நினைப்பு. லட்டு கொடுத்தனுப்பப் பெட்டி வேண்டும், பிளாஸ்டிக்கில் கொடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். விறுவிறுவென்று மாடி ஏறினார்.

"அடடே! தாழம்பூ மாதிரின்னா இருக்கு. எல்லாத்தையும் கீழே இறக்கு."

"மாமா, அது இன்னும் காயலை. உயிரோட இருக்கு."

"உயிரா? நான் எடுக்கறேன் பார்."

வாத்தியாரை வரவழைத்துப் புண்யாகம் பண்ணினார். மந்திரம் சொல்லி, மாவிலையால் குடம் குடமாகத் தீர்த்தம் தெளித்தார்கள். தெளித்தார்கள் என்ன, காவிரியையே திருப்பிவிட்டார்கள். ஒரு சொட்டு மஞ்சள் கிடையாது, சுத்தமான தண்ணீர். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இத்தனை நாள் கிடைத்த ஈரம் போதாதென்று, கல்யாணச் சாப்பாடே போட்டாகிவிட்டது.

"ஆச்சு. தோஷம் போயிடுத்து. இனிமே இது வெறும் பெட்டி" என்றார் வேதாந்தம், கையை உதறிக்கொண்டு.

ரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"இன்னும் ஒரு வார்த்தை பேசினேன்னா, அந்த ஆசாத் இந்தப் படி ஏற மாட்டான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி மாமா. எடுத்துக்கோங்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோங்கோ" என்று சொல்லிச் சிரித்தாள் பாருங்கள், சுவரில் சாய்ந்திருந்த எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஸ்ரீரங்கத்தின் ஆசாரமெல்லாம் அன்று அந்த வீட்டில் திரண்டது. சூடான லட்டை ஈரப்பெட்டியில் வைத்து மூடி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் வேதாந்தம். பெரியவர் கையால் வாங்கியது என்று பலபேர் அதை வீட்டுப் பெருமாள் சன்னிதியிலேயே வைத்துவிட்டார்கள். இருட்டு, ஈரம், ஒருவரும் தொடமாட்டார்கள். காளானுக்கு வைகுண்டம்.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாமல், எதிர்வீட்டுக் கோமளா மாமியின் குரல் ராஜகோபுரத்தில் மோதித் திரும்பியது.

"வேதாந்தம்! உம்ம லட்டு குடை பிடிக்கறது, வந்து பாரும்!"

சிப்பி சிப்பியாக, கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. ஒரு வீட்டில் சாளக்கிராமத்தைக் காணோம், காளானை விலக்கித்தான் கண்டுபிடித்தார்களாம். இன்னொரு வீட்டில் அது பெருமாள் படத்துக்கு மேலே விரிந்து உற்சவமே நடத்திக்கொண்டிருந்ததாம். காளான் என்ற சொல்லைச் சொன்னாலே வாய் கொப்பளிக்கிற வீடுகள்! கிடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிகளை அவர் வாசலில் எறிந்தார்கள். குவியல் என் மாடிக்கு வந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், இடுப்பளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்காத்துல வெங்காயம் உரிச்சான்னு வாசலோட திரும்பிப் போனவர்தானே ஓய் நீர்!"

"இனிமே உம்மாத்துல கைநனைச்சா நாங்க மனுஷாளே இல்லே!"

அந்தக் கூத்துக்கு நடுவேதான் ஆசாத்தின் கார் வந்து நின்றது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு குவியலைத் தாண்டி, நேரே மாடி ஏறினார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து காய்ந்த பெட்டிகளைச் சுவருக்கு மேலே நீட்டினேன். பாட்டிலை வைத்து மூடி, மாடியிலிருந்து போட்டார். பெட்டி வேதாந்தத்தின் காலடியில் 'தொப்'பென்று விழுந்தது. திறந்தால் பாட்டில் பளபளவென்று சிரித்தது.

"மாஷா அல்லாஹ்" என்று சாவிக்கொத்தை ரஞ்சனியிடம் கொடுத்தார்.

அவள் டெம்போவில் சாமான் ஏற்றும்போது வேதாந்தம் தள்ளாடிக்கொண்டு வந்தார். கிச்சாவைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். கிச்சா சொன்ன பதில் தெருவுக்கே தெரியும்: "அந்த அடுப்படில கை வெச்சா அப்புறம் ஊர்ல ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டா. ஆசாரம் பார்க்கணுமோல்லியோ?"

"ரஞ்சனி, நீயும் போயிட்டா எனக்கு யாரு சமைப்பா?"

"புண்யாகம் பண்ணிடுங்கோ மாமா. எல்லாம் சரியாயிடும்."

இப்போது திருவெள்ளறையிலிருந்து அவருக்கு வேளை தவறாமல் கேரியர் வருகிறது. மாமனாரைப் பட்டினி போட்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? சாதம் தனி. இன்னொரு அடுக்கில், குடோனில் முளைத்த காளானில் மிளகுக் குழம்பு. கொண்டுபோய்க் கொடுக்கும் பாக்கியம் எனக்கு. முதலில் குழம்பை என் கண்ணெதிரே கொட்டினார், வெறும் சாதத்தைத் தின்றார். அப்புறம் கொட்டுவதற்கு முன்னால் மோந்து பார்க்க ஆரம்பித்தார். எலும்பும் தோலுமாக, விசிறிமட்டைக்கு வேட்டி கட்டின மாதிரி ஆகிவிட்டார்.

நேற்று கேரியரைத் திறந்ததும், "இது என்னது தமிழ்மணி?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா?

"காளான்தாங்க" என்றேன்.

தட்டில் சாதத்தைப் போட்டு, குழம்பையும் ஊற்றிக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் கோமளா மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மனுஷன் திருட்டுத் தின்பண்டத்தை ஒளிக்கிற குழந்தை மாதிரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குரலே எழும்பாமல் சொன்னார்: "அந்த வாசக்கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ."

போனேன். ஒரு கதவுதான் திறந்திருந்தது. இன்னொன்றையும் திறந்துவிட்டேன்.